கடைசி வரிசைப் பீப்பாய்கள்

விருதுநகர்
22.9.2024

காளீஸ்வரனுக்கு,

புதன்கிழமை இசைவாணி மனைவி என்ற முறையில் மனு போட்டு உன்னைப் பார்க்க வரும்போது ஒரு புத்தகம் கொண்டுவருவாள். மதுரைச் சிறையில் புத்தகத்தை உள்ளே விடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டேன். பதினோரு வருடமாக முதுகலை மாணவிகளுக்கு நான் நடத்தும் திமிங்கில வேட்டை நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு அது. அறுநூறு பக்கம். ஓரங்களில் பென்சில் கோடுகள் இருக்கும். அவை என்னுடையவை, பொருட்படுத்தாதே.

கதை சிறியதுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ஒரு கப்பல் வடகடலுக்குத் திமிங்கிலம் பிடிக்கப் போகிறது. கொழுப்பைக் கப்பலிலேயே உருக்கி எண்ணெயாக்கிப் பீப்பாய்களில் நிரப்ப வேண்டும். ஊரில் விளக்கு எரிவது அந்த எண்ணெயில். கப்பலின் அடியில் பன்னிரண்டு வரிசைப் பீப்பாய்கள். பதினோரு வரிசை நிரம்பிவிட்டது. பருவம் முடிந்து கடல் உறையத் தொடங்குகிறது. திரும்பிவிடலாம். கேப்டன் மறுக்கிறார், கடைசி வரிசை காலியாக இருக்கிறது என்கிறார். அதை நிரப்பக்கூடிய ஒரு கிழத் திமிங்கிலம் தூரத்தில் தெரிகிறது, மறைகிறது. கப்பல் அதன் பின்னால் போகிறது.

இதை ஏன் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். உனக்குப் பொழுது போக வேண்டும். எனக்கு உன்னோடு பேச ஒரு பொருள் வேண்டும். கடிதங்களை அங்கே பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதனால் ஓர் ஏற்பாடு. நாவலைப் பற்றி மட்டும் எழுது. நானும் அப்படியே எழுதுகிறேன். ஆகஸ்ட் 28 பற்றியும் அந்த அறையைப் பற்றியும் ஒன்றும் வேண்டாம்.

நேரில் வர முடியாததற்குச் செமஸ்டர் வேலைதான் காரணம்.

சண்முகத்தாய்


மதுரை
30.9.2024

அக்காவுக்கு,

புத்தகம் வந்தது. நூற்று நாற்பது பக்கம் படித்துவிட்டேன். முதல் எழுபது பக்கத்தில் கப்பலே கிளம்பவில்லை. உன் மாணவிகள் பொறுமைசாலிகள்.

செமஸ்டர் காரணமில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில், ஆறு பேருடைய வீட்டாரும் நிற்கும்போது, "நாலுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியாதாலே ஒனக்கு?" என்று கேட்டாய். அன்றோடு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டது சரிதான். அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டாம். இதை ஒரு முறை எழுதிவிட்டேன். இனி நாவல்.

இங்கே கடிதங்களைப் படிக்கும் வார்டர் ஊர்க்காவலன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னய்யா, ஒங்கக்கா மீனப் பத்தியே எழுதுறாக. வீட்டுச் சேதி ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். திமிங்கிலம் மீன் இல்லை என்றேன். அதற்கு அவர், "பால் குடுக்குமாம்ல, தெரியும்யா" என்றார். இப்போது தினமும் கதை கேட்கிறார். பிடித்தார்களா இல்லையா என்பதுதான் அவருக்குக் கவலை.

எனக்குப் பிடித்தது கொழுப்பு உருக்கும் அடுப்பு. கப்பல் முழுக்க மரம், எண்ணெய், கயிறு. அதன் நடுவில் செங்கல் கட்டி அடுப்பு வைத்திருக்கிறார்கள். அடுப்புக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, பலகை சூடாகாமல் இருக்க. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது சட்டம். கட்டியவன் விவரமானவன். பக்கம் நூற்று முப்பத்தைந்தில் கேப்டன் தண்ணீர் குறைந்த பிறகும் எரிக்கச் சொல்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். நீ அங்கே கோடு போடவில்லை.

காளி


விருதுநகர்
6.10.2024

காளிக்கு,

அடுப்பைப் பற்றி நீ எழுதியது சரி. அந்தப் பக்கத்தை நான் கடல் நடுவே நரகம் என்ற குறியீடாக நடத்துவது வழக்கம். தண்ணீர்த் தொட்டியை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒரே கேள்வியைக் கேட்பேன். திமிங்கிலம் எதைக் குறிக்கிறது? கடவுள், இயற்கை, மரணம், அடங்காத ஆசை. விடைகள் பெரும்பாலும் இவைதான். எல்லாவற்றுக்கும் நாவலில் ஆதாரம் காட்டலாம். இந்த வருடம் மல்லாங்கிணற்றிலிருந்து வரும் கற்பகவல்லி என்ற பெண், திமிங்கிலம் என்பது ஆர்டர், காலிப் பீப்பாய் என்பது லோடு என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் போதாது என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்தத் தாளை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

என்னுடைய ஆர்வம் எப்போதும் இரண்டாம் அதிகாரியின் மேல்தான். நீ அவனிடம் வந்திருப்பாய். கப்பலின் தினக்குறிப்பை எழுதுபவன். பனிப்பாறைகள் கண்ணுக்குத் தெரியும் நாளில், வானிலை தெளிவு என்று எழுதச் சொல்கிறார் கேப்டன். அவன் எழுதுகிறான். அடுத்த நாளும் எழுதுகிறான். கேப்டனுக்காவது வெறி இருக்கிறது. இவனுக்கு அதுவும் இல்லை. நல்ல கையெழுத்து மட்டும் இருக்கிறது. என் ஆய்வுக் கட்டுரையில் அவனைக் கோழை என்றுதான் எழுதினேன். கொடுமை நடப்பதற்கு வெறி கொண்டவர்கள் போதாது, கையெழுத்துப் போடுகிறவர்களும் வேண்டும் என்பது அதன் முடிவுரை. கருத்தரங்கில் பாராட்டினார்கள்.

உன் முதலாளி மாரிசாமி வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர், என் துறைக்கும் வந்தார். இத்தனை வருடம் குழுவில் இருக்கிறார், மாடி ஏறி வந்தது இதுவே முதல் முறை. "தம்பி தைரியமா இருக்காரா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். வேறு பேசவில்லை.

சண்முகத்தாய்


மதுரை
13.10.2024

அக்காவுக்கு,

திமிங்கிலம் எதையும் குறிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பதினேழு வருடமாகப் பட்டாசு மருந்தோடு இருக்கிறேன். வெடிக்குள் போகும் கலவைக்கு யார் மேலும் கோபம் கிடையாது. சூடு, உரசல், ஈரம். மூன்றில் ஒன்று தப்பினால் அது தன் வேலையைச் செய்யும். நல்லவன் கெட்டவன் பார்க்காது. அந்தக் கிழத் திமிங்கிலமும் தன் பாட்டுக்கு மூச்சு விட மேலே வருகிறது, போகிறது. கேப்டனுக்குத்தான் அது பகைவனாகத் தெரிய வேண்டியிருக்கிறது. பகைவன் ஒருவன் இருந்தால்தான் திரும்பாமல் இருக்கலாம். காலிப் பீப்பாய்க்காகத் திரும்பவில்லை என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள்.

இனி ஏற்பாட்டை மீறுகிறேன். ஊர்க்காவலனுக்குக் கண்ணாடி உடைந்து ஒரு வாரம் ஆகிறது. எழுத்தைப் பார்த்து முத்திரை மட்டும் குத்துகிறார்.

அறைக்கு நாலு பேர் என்று சுவரில் எழுதியிருக்கிறது. ஆகஸ்ட் இருபதிலிருந்து ஒன்பது பேரை உட்கார வைத்தேன். "ரூமுக்கு நாலுன்னு பாத்தா தீவாளி நமக்காக நிக்குமா காளி?" என்று முதலாளி போனில் கேட்டார். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பக்கம் நூற்று முப்பத்தைந்து.

மருந்துப் பதிவேட்டில் தினமும் காலை ஆட்களை எண்ணி எழுதிப் போர்மேன் கையெழுத்துப் போட வேண்டும். சீசனில் யாரும் அப்படிச் செய்வதில்லை. மாதக் கடைசியில் அடுத்த மாதம் முழுவதற்கும் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்துவிடுவோம். நம் பக்கத்துப் போர்மேன்கள் எல்லாருக்கும் இது பழக்கம். 28ஆம் தேதிக்கு நேரே என் கையெழுத்து ஜூலை 31இலேயே விழுந்துவிட்டது. வெடித்த அன்று மாலை ஆபீஸில் யாரோ அதற்குப் பக்கத்தில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலாளியின் வக்கீல் சீனிவாசகம் செவ்வாய்க்கிழமை வந்தார். ஒரு வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அறையில் நாலு பேர். மற்ற ஐந்து பேர் அனுமதியில்லாமல் பக்கத்து அறையிலிருந்து வந்தவர்கள். மருந்து கலக்கும் ஆண்டிச்சாமி கவனக்குறைவாக வாளியை இழுத்ததால் உராய்ந்து தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது அக்கா. யாருக்கும் தெரியாது. ஆண்டிச்சாமி அண்ணன் இருபத்திரண்டு வருடம் மருந்து கலந்தவர். அதை வக்கீலிடம் சொன்னேன். "செத்தவன் வந்து மறுக்கவா போறான்? நீ உசுரோட இருக்க, அதப் பாருப்பா" என்றார். அதைச் சொன்னால் தீபாவளிக்கு முன் ஜாமீன் கிடைக்குமாம். உள்ளதைச் சொன்னால் என் கையெழுத்தே என்னைப் பிடித்து உள்ளே வைக்கும் என்றார். அது பொய்யில்லை.

யோசிக்க நாள் கேட்டிருக்கிறேன். இரண்டாம் அதிகாரியை நீ சீக்கிரம் முடித்துவிட்டாய்.

காளி


விருதுநகர்
17.10.2024

காளிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதிவிட்டாய். படித்துவிட்டேன், படிக்காத மாதிரி இருக்க முடியாது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அது பொய் என்று உனக்குத் தெரிகிறது. அப்புறம் எதற்கு நாள்? இரண்டாம் அதிகாரியும் மூன்று அத்தியாயம் யோசிக்கிறான். யோசிக்கும்போதும் தினக்குறிப்பை எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.

தீபாவளிக்கு நீ வந்துவிடுவாய் என்று இசைவாணி தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை உன்னை எந்தப் பக்கமும் தள்ளுவதற்காக எழுதவில்லை. முடிவு உன்னுடையது. அதில் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

சண்முகத்தாய்


மதுரை
24.10.2024

அக்காவுக்கு,

நாவல் முடிந்தது. திமிங்கிலத்தைக் கொன்றார்கள், கடைசி வரிசையும் நிரம்பியது, கப்பலைப் பனி நொறுக்கியது. பீப்பாய்கள் மட்டும் கரை ஒதுங்கின. ஊர்க்காவலன் கேட்டுவிட்டு, "எண்ணெய் வித்துருப்பாங்கள்ல?" என்றார். விற்றார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கினவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதற்கு நாவலில் பதில் இல்லை.

இரண்டாம் தடவை நீ பென்சில் போடாத இடங்களை மட்டும் படித்தேன். பக்கம் எழுபத்தொன்றில் ஒரு வரி இருக்கிறது. கப்பல் கிளம்பும் காலையில் இரண்டாம் அதிகாரி தன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். கண் தெரியாத அந்தக் கிழவர் குடியிருப்பது கேப்டனின் அண்ணன் வீட்டு மாடியறையில். அவ்வளவுதான். அப்புறம் ஐந்நூறு பக்கத்துக்கு அந்த அப்பா வரவே இல்லை. ஆனால் வானிலை தெளிவு என்று அவன் எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மாடியறை தெரிந்தது. பனிக்காலத்தில் அவரை வெளியே போகச் சொன்னால் எங்கே போவார்?

உன் கட்டுரையை இசைவாணி நகல் எடுத்துக் கொண்டுவந்தாள். அதில் அந்த வரி இல்லை.

சீனிவாசகம் திங்கட்கிழமை மறுபடியும் வந்தார். வாக்குமூலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கிளம்பும்போது, "அக்கா துறைத்தலைவி ஆகப்போறாகளாம்ல? முதலாளி சொன்னாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீ நிரந்தரம் ஆனது நாலு வருடத்துக்கு முன்பு. யார் சொல்லி ஆனது என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நீ. மச்சான் தவறிப்போன பிறகு உன் வீடு நடப்பது அந்த வேலையில்.

எதற்கு நாள் என்று கேட்டாய். இதற்குத்தான். முடிவு என்னுடையது என்று நீ எழுதியது பாதிதான் உண்மை. கோழை என்று எழுதினால் காரணத்தையும் எழுது.

காளி


விருதுநகர்
3.11.2024

காளிக்கு,

பத்து நாள் பதில் எழுதவில்லை. தீபாவளி விடுமுறை என்று சொல்லிக்கொள்ளலாம். எழுத முடியவில்லை என்பதுதான் சரி.

பக்கம் எழுபத்தொன்றை நான் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறேன். கட்டுரை எழுதும்போது ஒரு மாலை முழுவதும் அந்த வரியோடு உட்கார்ந்திருந்தேன். அதைச் சேர்த்தால் என் முடிவுரை நிற்காது. கையெழுத்துப் போடுகிறவனுக்கும் ஒரு மாடியறை இருக்கும் என்றால் அவனைக் கோழை என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. அதனால் விட்டுவிட்டேன். எல்லாரும் கைதட்டிய கட்டுரை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரிசாமி துறைக்கு வந்த அன்று தம்பியைப் பற்றி மட்டும் பேசினார் என்று எழுதினேன். போகும்போது வாசலில் நின்று, "ஒங்க எடம் பத்திரமா இருக்கும் டீச்சர், அதுக்கு நானாச்சு" என்றார். நன்றி என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாவலைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னது கடிதத்தை அங்கே படிப்பார்கள் என்பதற்காக மட்டுமில்லை. நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். அதை நான் படிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் விஸ்வநத்தம் போனேன். ஆண்டிச்சாமியின் மனைவி யோகலட்சுமியைப் பார்க்க. எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. காளியின் அக்கா என்று சொன்னதும் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அடுப்பைப் பார்க்கப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். மூன்று கம்பெனிகளில் வேலை கேட்டிருக்கிறாள், மூன்றிலும் இல்லை என்றிருக்கிறார்கள். மருந்து கலக்கும் கை சரியில்லாதவன் வீட்டு ஆள் ராசி ஆகாதாம். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று உனக்கும் எனக்கும் தெரியும். வாக்குமூலம் இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஊருக்குப் போய்விட்டது.

நான் கிளம்பும்போதுதான் பேசினாள். "எம் புருசன் ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருந்தா வெளிய வந்து நின்னுக்கிருவாரு. ஆளக் கொறச்சாத்தான் உள்ள போவாரு. எம்புட்டுச் சண்ட வந்தாலும் நிப்பாரு. அன்னைக்கு ஏன் நிக்கலன்னு ஒங்க தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்கிறேன். எனக்கும் தெரிய வேண்டும்.

என் வேலையை இதில் கணக்கில் சேர்க்காதே. தியாகம் என்று எதுவும் எழுத விரும்பவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். போனால் கஷ்டம்தான். நாற்பத்தாறு வயதில் வேறு கல்லூரி தேடுவது எளிதில்லை. இருந்தாலும் அதைக் காப்பாற்ற நீ ஒரு பொய்யில் கையெழுத்துப் போடுவதை நான் தெரிந்தே வாங்கிக்கொள்ள மாட்டேன். இதை ஊர்க்காவலன் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன் மேல் எனக்குள்ள கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஒன்பது பேரை உட்கார வைத்தது நீ. அந்தக் கோபத்தோடேயே அடுத்த புதன்கிழமை மனு போட்டு வருகிறேன்.

அக்கா


மதுரை
14.11.2024

அக்காவுக்கு,

நேற்று நீ வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். நீ என்ன சொன்னாய் என்று பாதி கேட்கவில்லை. நான் சொன்னதும் உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே கண்காணிப்பாளர் மூலம் கோர்ட்டுக்கு மனு கொடுத்தேன். திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு பெண் மாஜிஸ்ட்ரேட். உன் வயது இருக்கும். வக்கீல், போலீஸ் எல்லாரையும் வெளியே அனுப்பினார். இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே நிற்கும் என்று இரண்டு முறை சொன்னார். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார். மறுநாளும் அதையே சொன்னேன்.

முதலில் என் கையெழுத்தைச் சொன்னேன், பிறகு ஆட்களை, அப்புறம்தான் முதலாளியின் போனை. அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது பேர் பெயரையும் சொல்லச் சொன்னார். தட்டச்சு செய்யும் அம்மா மெதுவாகச் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னேன்.

ஜாமீன் இப்போதைக்கு இல்லை. சீனிவாசகம் இனி வர மாட்டார். இலவச வக்கீல் ஒருவரைக் கொடுப்பார்களாம். இசைவாணியிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, புத்தகத்தைத் திருப்பி எடுத்துப் போகட்டுமா என்று மட்டும் கேட்டாள். ஊர்க்காவலன் கேட்கிறார், அவர் படித்து முடிக்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றேன். உன் காலேஜில் என்ன நடந்தாலும் எனக்கு எழுத வேண்டும். மறைக்காதே.

யோகலட்சுமி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். இதையும் மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

அன்று காலை ஆறரைக்கு ஆண்டிச்சாமி அண்ணன் வெளியே வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நின்றார். உள்ளே ஆள் அதிகம், குறைத்துவிட்டுக் கூப்பிடு என்றார். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. நான் அவர் தோளில் கை வைத்து, "இன்னைக்கு ஒருநா மட்டும்ணே, எனக்காக" என்றேன். முதலாளிக்காக என்று சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

இது பேப்பரில் வருவதற்கு முன்னால் நீ விஸ்வநத்தம் போ. மன்னிப்பு எதுவும் கேட்காதே. அவர் வெளியே வந்து நின்றார் என்று சொல். உள்ளே போகச் சொன்னது நான் என்று சொல்.

காளி